ஆல்டர் மாவட்டம் காப்பாற்றிய பெண்

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிய பிறகுதான் அது எதற்கான தீர்மானம் என்று வெர்லின் ஹாஸ்லருக்குப் புரிந்தது. அதற்குள் அவருக்கு இரண்டு தடவை கைதட்டியிருந்தார்கள்.

வெர்லின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை நடையை முடித்து, வண்டியைக் கொட்டகையில் விட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ஆல்டர் மாவட்டத்தை நிர்வகிக்கும் மூன்று கமிஷனர்களின் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. அவருடைய மகள் கெல்சி ஆகஸ்டிலிருந்து மாவட்ட ஜெயிலில் இருந்தாள். அவள் காரில் ஒரு தேக்கரண்டி அகப்பட்டது. கரண்டியின் குழியில் ஹெராயின் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தால் எறும்புக்குக் காணாது. ஆனால் ஓஹையோ சட்டப்படி அது பெருங்குற்றம். சிகிச்சை இல்லத்தில் இடம் கிடைக்கும்வரை ஜெயிலிலேயே இருக்கட்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். இடம் எப்போது கிடைக்கும் என்று வெர்லின் கேட்டபோது வக்கீல் ஜெயிலை நடத்தும் ஷெரிஃபைக் கை காட்டினார், ஷெரிஃப் சுகாதாரத் துறையைக் கை காட்டினார், சுகாதாரத் துறை கமிஷனர்களைக் கை காட்டியது. கமிஷனர்களுக்கு அப்பால் கை காட்ட ஆள் இல்லை. அதனால் நம்பிக்கையோடு வந்திருந்தார்.

கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. பிறகு கொடிக்கு உறுதிமொழி. பிறகு பூசணித் திருவிழாவில் ராணியாகத் தேர்வான பெண்ணுக்குப் பாராட்டு. அவள் அழுதாள், அவள் அம்மா அழுதாள், புகைப்படக்காரர் சரியாக விழவில்லை என்றதால் இருவரும் மறுபடி அழுதார்கள். அதன் பிறகு தலைவர் ரோஜர் டின்ஸ்மோர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் காப்பீட்டு ஏஜெண்ட். வாழ்க்கையில் எது நடந்தாலும் அதைவிட மோசமாக எது நடந்திருக்கும் என்று சொல்லிப் பழகியவர்.

"நண்பர்களே, நவம்பர்ல நம்ம மாநிலத்துல ஒரு பிரேரணை ஓட்டுக்கு வருது. மூணாம் நம்பர். கொஞ்சமா போதைப்பொருள் வச்சிருந்தா அது சின்னக் குற்றம்தானாம். ஜெயில்ல போடக் கூடாதாம். ஜெயில்ல மிச்சமாகற காசைச் சிகிச்சைக்குக் கொடுக்கணுமாம். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஜெயில் இல்லேன்னா இவங்களுக்கு எங்கே வச்சுச் சிகிச்சை கொடுக்கறது?"

சிகிச்சை என்ற சொல் காதில் விழுந்ததும் வெர்லின் எழுந்துவிட்டார். "ஐயா, நானும் அதைத்தான் கேக்க வந்தேன்."

டின்ஸ்மோர் அவரை அன்போடு பார்த்தார். "வாங்க, வாங்க. மைக் முன்னாடி வாங்க. மூணு நிமிஷம் உங்களுக்கு."

வெர்லின் மைக்கைப் பிடித்தார். பேருந்தில் பிள்ளைகளை அதட்டும் மைக்கைவிட அது கனமாக இருந்தது. "என் பொண்ணு கெல்சி உங்க ஜெயில்ல இருக்கா" என்றார்.

யாரோ ஓர் அம்மாள் "பாவம், என்ன தைரியம்" என்றாள். கைதட்டினார்கள். அதுதான் முதல் தடவை.

"அவளுக்குச் சிகிச்சை எப்போ கிடைக்கும்னு..."

சுவரோரம் நின்ற ஷெரிஃப் பட் ஓவர்ஹோல்ட் தொண்டையைச் செருமினார். "கிடைச்சுக்கிட்டுத்தானே இருக்கு."

"எங்கேங்க?"

"ஜெயில்ல."

"ஜெயில்ல டாக்டர் இருக்காரா?"

"டாக்டர் எதுக்கு? கதவு இருக்கு. கதவைப் பூட்டிட்டா போதை உள்ளே வராது. உள்ளே வராட்டா மனுஷன் சாப்பிட மாட்டான். சாப்பிடாட்டா அதுக்குப் பேர் என்ன? சிகிச்சை. செவ்வாய்க்கிழமை ஒரு படமும் போடுவோம், போதையோட தீமையைப் பத்தி. இப்ப டிவிடி பிளேயர் பழுதாயிருக்கு. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு."

"பிளேயர் எப்போ சரியாகும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். இந்தப் பிரேரணை வந்துச்சுன்னா என் ஜெயில்ல பாதிப் படுக்கை காலியாயிடும். காலி ஜெயிலுக்கு யாராவது பிளேயர் வாங்கித் தருவாங்களா? சமையல்காரிக்கு நான் என்ன பதில் சொல்றது? ராத்திரி ஷிஃப்டுல எட்டுக் குடும்பம் என்னை நம்பியிருக்கு. போதையால குடும்பங்கள் அழியுதுன்னு சும்மாவா சொல்றோம்?"

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்திருந்தது. டின்ஸ்மோர் எழுந்து வந்து வெர்லினின் தோளில் கை வைத்தார். "ஒரு தகப்பனோட வேதனையை நேர்ல பார்த்தீங்க. இந்த மனுஷனோட பொண்ணை ஜெயிலை விட்டு வெளியே தள்ளணும்னு சொல்லுது மூணாம் பிரேரணை." இரண்டாவது தடவை கைதட்டினார்கள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. "எமது மாவட்டத்தில் வேறு சிகிச்சை வசதி எதுவும் இல்லாதபடியால், ஜெயிலைப் பலவீனப்படுத்துவது சிகிச்சையைப் பலவீனப்படுத்துவதாகும்" என்பது முதல் வரி. வேறு வசதி ஏன் இல்லை என்று இரண்டாவது வரியில் இருக்கும் என்று வெர்லின் காத்திருந்தார். இரண்டாவது வரியில் நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞரையும் வாழ்த்தியிருந்தார்கள். மூன்று கமிஷனர்களும் கை தூக்கினார்கள்.

மறுநாள் பேருந்துக் கொட்டகையில், நடைகளைப் பிரித்துக் கொடுக்கும் நாடீன் உள்ளூர்ச் செய்தித்தாளை அவர் முன்னால் போட்டாள். 'சிறைத் தண்டனையை ஆதரித்துத் தந்தை உருக்கம்' என்று இருந்தது. படத்தில் டின்ஸ்மோரின் கை பெரிதாக இருந்தது, வெர்லின் சிறிதாக இருந்தார்.

"யோவ், நீ எப்பய்யா கட்சியில சேர்ந்தே?" என்றாள்.

"நான் படுக்கை கேக்கப் போனேன், நாடீன்."

"கேட்டது கிடைச்சுதுல்ல? அவ படுத்திருக்காளே, அதுதான் படுக்கை." சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டு, தன் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெர்லின் கெல்சியைப் பார்க்கப் போனார். பார்ப்பது என்றால் ஜெயிலின் முன்னறையில் ஒரு சிறு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது. அவள் இருந்தது அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம். அவள் இருமினால் முதலில் சுவர் வழியாகவும் பிறகு திரை வழியாகவும் கேட்கும். அன்று அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, டானா செத்துட்டா."

டானா பக்கத்து அறைப் பெண். மளிகைக் கடையில் காசாளராக இருந்தவள். வெர்லினுக்கு அவளை முகம் தெரியும், பையில் முட்டையை மேலே வைத்துக் கொடுப்பாள்.

"வந்த நாள்லேர்ந்து வாந்தி. தண்ணி குடிச்சாக்கூட நிக்கல. நான் பட்டனை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டேன். 'போதை இறங்குது, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிடும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. காலைல ரொட்டி குடுக்க வந்தவங்க கூப்பிட்டுப் பார்த்தாங்க. எழுந்திரிக்கல. வெறும் தண்ணிதான் அப்பா. ஒரு பாட்டில் தண்ணியும் உப்பும் ஏத்தியிருந்தா போதும்."

ஷெரிஃப் ஓவர்ஹோல்ட் அடுத்த நாளே பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார். 'டானாவின் மறைவு எங்களுக்குப் பேரிழப்பு. ஆனால் அவர் இறக்கும்போது அவர் உடலில் போதை எதுவும் இல்லை. இது எங்கள் ஊழியர்களின் சாதனை. மூன்றாம் பிரேரணை நிறைவேறினால் இப்படிப்பட்டவர்கள் எவருடைய கண்காணிப்பும் இல்லாமல் வெளியே இறக்க நேரிடும்.'

டின்ஸ்மோர் இதை அடுத்த கூட்டத்தில் மேற்கோள் காட்டினார். அவருக்குக் குரல் தழுதழுத்தது என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் மாலை, டின்ஸ்மோர் ஆப்பிள் பணியாரத்தோடு வெர்லின் வீட்டுக்கே வந்துவிட்டார். சோயா அறுவடைப் புழுதி ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்தது. தும்மிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"வெர்லின், ஷெரிஃப் ஜெயிலைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டப் போறார். ஒரு அறைக்கு மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, பூந்தொட்டி வச்சு, 'நம்பிக்கை அறை'ன்னு பேர் வச்சிருக்கோம். அங்கே யாராவது ஒரு பொண்ணு ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும். கெல்சியைக் கேக்கலாம்னு பார்க்கறோம்."

"ஏன் கெல்சி?"

"பல் நல்லா இருக்கு. மத்தவங்களுக்கெல்லாம்..." டின்ஸ்மோர் கையை ஆட்டினார். "குடும்பமும் நல்ல குடும்பம். ஊருக்கே உங்களைத் தெரியும்."

"அவ வீட்டுக்கு வரணும், ரோஜர். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். கெல்சி கேஸைப் பார்க்கற நீதிபதி மார்க்வார்ட் அம்மா இதெல்லாம் கவனிக்காம இருக்க மாட்டாங்க. நான் வாக்குக் கொடுக்கல. சட்டப்படி கொடுக்கக் கூடாது. ஆனா நன்றித் திருநாள் விருந்துக்கு எத்தனை தட்டு வைக்கறதுன்னு நீங்க யோசிச்சா, நான் ரெண்டு வைங்கன்னுதான் சொல்வேன்."

வெர்லின் பணியாரத்தை எடுத்து உள்ளே வைத்தார். இரவெல்லாம் யோசிக்கவில்லை, யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. மறுநாளே ஜெயிலுக்குப் போனார்.

திரையில் கெல்சி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "படிக்கச் சொல்றாங்க. 'ஜெயில் எனக்கு உயிர் கொடுத்தது. இங்கே வராவிட்டால் நான் இன்று உயிரோடு இருக்க மாட்டேன். என்னைச் சீக்கிரம் வெளியே விடுகிறவர்கள் என் நண்பர்கள் அல்ல.' யார் எழுதினாங்கன்னு தெரியல. எனக்கு நீலக் கலர்ல ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வச்சிருக்காங்க."

"படிச்சுடும்மா."

"அப்பா, அந்த மஞ்ச ரூம் எதுன்னு தெரியுமா? டானா இருந்த ரூம். அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு. பெயிண்ட் வாசனை எனக்கு இங்கே வரைக்கும் வருது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இரும்புக் கதவு மூடியது.

"நான் படிச்சா அவளைக் கொன்னது சரின்னு ஆயிடும்" என்றாள் கெல்சி.

"அவ போயிட்டா, கெல்ஸ். நீ வீட்டுக்கு வா. வந்து என்ன வேணா சொல்லு. வாசல்ல நின்னு கத்து. நான் தடுக்க மாட்டேன். இப்ப மட்டும் அவங்க சொல்றதைப் படி."

"நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

அவள் தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். "சரி" என்றாள்.

திறப்பு நாளுக்கு ஊரே வந்தது. வாசலில் சூடான ஆப்பிள் சாறும் டோனட்டும் கொடுத்தார்கள். இறுதிச்சடங்கு நிலையம் நடத்தும் கமிஷனர் அம்மாள் தன் கடையிலிருந்து பிளாஸ்டிக் லில்லிகளை இரவல் தந்திருந்தார். ஜெயில் நெரிசலாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் பாதிக் கைதிகளை ஷெரிஃபின் வண்டிக் கொட்டகைக்கு மாற்றி, வெளியே பூட்டியிருந்தார்கள். ஜெயில் காலியானால் மாவட்டம் என்ன ஆகும் என்று வந்தவர்களுக்கு விளக்கிய ஷெரிஃப், அந்தக் காலியான ஜெயிலில் நின்றுதான் விளக்கினார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி படுக்கையைத் தட்டிப் பார்த்து, "என் பேத்தியோட ஹாஸ்டலை விட நல்லா இருக்கே" என்றாள்.

மஞ்சள் அறையின் வாசலில் நீல ஸ்வெட்டரோடு கெல்சி நின்றாள். வெர்லின் இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளைத் திரையில்லாமல் பார்த்தார். மெலிந்திருந்தாள். ஆனால் கண் தெளிவாக இருந்தது. அவள் தாளைப் பார்த்துப் படித்தாள், ஒரு சொல் கூட மாற்றாமல், ஒரு சொல்லுக்கும் அழுத்தம் தராமல், யாரோ தொலைபேசி எண்ணைப் படிப்பதுபோல. 'உயிர் கொடுத்தது' என்ற இடத்தில் மட்டும் திரும்பி உள்ளே படுக்கையைப் பார்த்தாள். உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அந்த நொடியில்தான் புகைப்படம் எடுத்தார்கள்.

வெர்லின் அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். காவலர் மரியாதையாகக் குறுக்கே வந்தார். "திரை வழியா மட்டும்தான் சார். விதி."

மூன்றே நாளில் அந்தப் படம் பலகைகளாக வந்துவிட்டது. புல்வெளிகளில் கம்பியில் குத்தி நிறுத்தும் பலகை. கெல்சியின் முகம், கீழே பெரிய எழுத்தில் 'ஜெயில் என்னைக் காப்பாற்றியது', அதற்கும் கீழே 'மூன்றாம் பிரேரணைக்கு வேண்டாம் என்று வாக்களியுங்கள்'. தேவாலய வாசலில், தானியக் கிடங்கு முனையில், கல்லறைத் தோட்டத்து வளைவில் எல்லாம் கெல்சி நின்றாள். வெர்லின் தினமும் காலையிலும் மாலையிலும் தன் மகளைக் கடந்து பேருந்து ஓட்டினார். மழை பெய்தால் அவள் முகத்தில் வழிந்தது. பிள்ளைகள் முதல் வாரம் "அக்கா, அக்கா" என்று கண்ணாடி வழியாகக் கையாட்டினார்கள். இரண்டாவது வாரம் மறந்துவிட்டார்கள். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது.

"ஸ்டாப்பே இல்லாத இடத்துல வண்டி நிக்குதுன்னு ரெண்டு தாய்மார் புகார் சொல்லியிருக்காங்க" என்றாள் நாடீன். பிறகு, "உன் நடையை மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"எந்த ரோட்டுல அவ இல்ல?" என்றார் வெர்லின்.

நாடீன் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

தேர்தல் நாளில் வெர்லின் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் வாக்களித்தார். மூன்றாம் பிரேரணைக்கு 'ஆம்' என்று போட்டார். ஆல்டர் மாவட்டத்தில் அப்படிப் போட்டவர்கள் சொற்பம். பிரேரணை மாநிலம் முழுக்கத் தோற்றது. ஆல்டர் மாவட்டத்தில் அதைப் புதைத்தே விட்டார்கள். முடிவு தெரிந்ததும் டின்ஸ்மோர் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் சங்கீதமும் சிரிப்பும் கேட்டன.

"வெர்லின்! நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டா!"

"வீட்டுக்கு எப்போ வருவா?" என்று கேட்டார் வெர்லின். டின்ஸ்மோருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, "உங்களுக்கும் கடவுள் ஆசீர்வாதம்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் வாரத்தின் திங்கட்கிழமை கெல்சியின் வழக்கு வந்தது. வெர்லின் வான்கோழி வாங்கி வைத்துவிட்டு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு கால் போதும் என்று சிறியதாகத்தான் வாங்கினார். மாவட்டம் அமர்த்திய வக்கீல், கெல்சி குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும், மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டதாகவும், வேலை கிடைக்கும் என்றும், தந்தை பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார்.

நீதிபதி மார்க்வார்ட் கருணையான முகம் கொண்டவர். அவருடைய மேசையில் ஒரு பலகை இருந்தது, கம்பி இல்லாமல்.

"கெல்சி, இதை நான் தினமும் வீட்டுலேர்ந்து வரும்போது பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஜெயில்தான் உங்களுக்கு உயிர் கொடுத்துச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. சீக்கிரம் வெளியே விடறவங்க உங்க நண்பர்கள் இல்லன்னும் சொல்லியிருக்கீங்க. நான் உங்க நண்பரா இருக்க விரும்பறேன்."

வக்கீல் எழுந்தார். எழுந்து தன் கோப்பைப் புரட்டினார்.

"அம்மா, அதை நான் எழுதல" என்றாள் கெல்சி. "எழுதிக் குடுத்தாங்க. படிச்சேன். படிச்சா வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு சொன்னாங்க."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "பார்த்தீங்களா? இதைத்தான் நான் பயந்தேன். தனக்கு உதவி செஞ்சதை மறுக்கறது இந்த நோயோட முதல் அறிகுறி. நன்றியோட இருந்தீங்கன்னா ஜெயில் வேலை செய்யுதுன்னு அர்த்தம், நடுவுல நிறுத்தக் கூடாது. நன்றி இல்லேன்னா இன்னும் வேலை முடியலேன்னு அர்த்தம், அப்பவும் நிறுத்தக் கூடாது. ரெண்டு வகையிலும் எனக்கு வழி ஒண்ணுதான் இருக்கு."

பதினொரு மாதம், பெண்களுக்கான மாநிலச் சிறையில். அங்கே பிளேயர் வேலை செய்கிறது என்று நீதிபதி விசாரித்து வைத்திருந்தார்.

"பன்னெண்டு போட்டிருக்கலாம்" என்று வக்கீல் வெர்லினின் காதில் சொன்னார். அதை ஒரு வெற்றியாகத்தான் சொன்னார்.

கெல்சி திரும்பித் தந்தையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பா, மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். கதவு திறந்து மூடியது.

வெளியே படிக்கட்டில் டின்ஸ்மோர் நின்றிருந்தார். வெர்லினின் கையைப் பற்றி இரண்டு கைகளாலும் குலுக்கினார். "கொஞ்சம் கசப்பு மருந்துதான். ஆனா பாருங்க, வசந்தத்துல புது ஜெயிலுக்கு வரி கேட்டு ஓட்டெடுப்பு வைக்கறோம். பெரிய ஜெயில். அதுல ஒரு பெரிய நம்பிக்கைக் கூடமே கட்டப் போறோம். பலகையெல்லாம் எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். கீழே இருக்கற வாசகத்து மேல புதுசா ஒண்ணு ஒட்டினா போதும். முகம் அப்படியே இருக்கட்டும். ஜனங்களுக்குப் பழகிப்போச்சு."

வெர்லின் கையை விடுவித்துக்கொண்டார். படியிறங்கி வண்டியை நோக்கி நடந்தார்.

நன்றித் திருநாள் காலையில் ஊர் அடுப்புகளைச் சுற்றி இருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. அறுத்து முடித்த வயல்களில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. வெர்லின் தன் பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேவாலய வாசலில் நிறுத்தி, இறங்கி, பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தரை உறைந்திருந்ததால் கம்பி லேசில் வரவில்லை. ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, முகத்தில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் துடைத்து, வண்டியின் பின்னால் வைத்தார். பறக்காமல் இருக்க மேலே ஒரு கம்பளியைப் போட்டார். பிறகு தானியக் கிடங்கு. பிறகு மாவட்டச் சாலை. அவளை எங்கெல்லாம் நட்டிருக்கிறார்கள் என்று அவரைப்போல யாருக்கும் தெரியாது.

கல்லறைத் தோட்டத்து வளைவில் விளக்குச் சுழல ஒரு ரோந்து வண்டி வந்து பின்னால் நின்றது. இறங்கியவன் துணை ஷெரிஃப் டெரெக் நை. சிறுவயதில் வெர்லினின் பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாந்தி எடுப்பான்.

"வெர்லின் சார்," என்றான் சங்கடத்தோடு. "யாரோ ஜன்னல் வழியா பார்த்துட்டு ஃபோன் பண்ணிட்டாங்க. அது பிரச்சாரக் கமிட்டியோட சொத்து."

"என் பொண்ணு முகம், டெரெக்."

"முகம் உங்களோடது சார். பலகை அவங்களோடது." அவன் பிக்கப்பின் பின்னால் போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்த்தான். விசிலடித்தான். "இவ்வளவா? ஒண்ணு ரெண்டுன்னா நான் கண்டுக்க மாட்டேன். இவ்வளவு இருந்தா மதிப்பு ஏறிப்போகும், பெருங்குற்றம் ஆயிடும். அந்த மூணாம் பிரேரணையில சின்னத் திருட்டைப் பத்தியும் ஒரு பிரிவு இருந்துச்சு. அது வந்திருந்தா இது சின்னக் குற்றம்தான்."

"நீ எதுக்குப் போட்டே?"

"வேண்டாம்னுதான் போட்டேன் சார். டிபார்ட்மெண்டுல எல்லாரும் அதுக்குத்தான் போட்டோம்." காலால் சாலையோரப் பனியைக் கீறினான். அவனுக்கு நல்ல மனது. வீட்டில் வான்கோழி காத்திருந்தது. "ஒண்ணு பண்ணுங்க. நான் என் வண்டிக்குப் போய் ரேடியோவுல பேசற மாதிரி உட்கார்றேன். அதுக்குள்ள பாதியை எடுத்து இந்தப் பள்ளத்துல போட்டுடுங்க. மிச்சத்தைத்தான் நான் பார்த்தேன்னு சொல்லிடறேன். பாதி போதும் சார்."

வெர்லின் கம்பளியை முழுவதுமாக விலக்கினார். அடுக்கின் மேலிருந்து கெல்சி பார்த்தாள். அவளுக்குக் கீழே கெல்சி, அவளுக்கும் கீழே கெல்சி.

"எந்தப் பாதியை?" என்று கேட்டார்.

டெரெக் தலைகுனிந்து காத்திருந்தான். வெர்லின் வளைவில் எஞ்சியிருந்த பலகையிடம் போய், அதையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, பனியைத் துடைத்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிக் கைகளை முன்னால் நீட்டினார்.

விலங்கு போட்டபின் டெரெக் அவர் தலை இடிக்காமல் இருக்கத் தன் உள்ளங்கையை வைத்துப் பின் இருக்கையில் உட்காரவைத்தான். பலகைகளைத் தன் வண்டிக்கு மாற்றினான்.

"அவளை இங்கே என் பக்கத்துல வையேன்" என்றார் வெர்லின்.

"முடியாது சார். இனிமே அது சாட்சிப் பொருள். டிக்கியிலதான் போகணும்."

ஒவ்வொன்றாக அடுக்கினான். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்ததால் டிக்கி முதலில் மூடவில்லை. டெரெக் அதன்மேல் தன் பாரத்தை முழுவதும் வைத்து அழுத்தினான்.